ஏழாம் நம்பருக்கு ஒரு கிரிப்

“சாருக்கு எந்த மாதிரி கிரிப் பாக்கலாங்கம்மா?” என்று கடைக்காரர் தேவசகாயம் கேட்டார். துணிக்கடையில் எந்த மாதிரி சேலை பார்க்கலாம் என்று கேட்பார்களே, அது மாதிரி வெகு சாதாரணமான கேள்விதான். ஆனால் சுலோசனாவுக்கு வாய் வரவில்லை. காரில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்: தடிமனா, மெத்துன்னு, வழுக்காம. பிசியோதெரபிக்கு வருகிற பெண் ஷர்மிளா சொல்லிக் கொடுத்தது. மளிகைக் கடைக்கு அனுப்பின பிள்ளை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், கடை வாசலில் மறந்துவிட்டு நிற்குமே, அந்த நிலைமை அறுபது வயதுக்கு மேல் அவளுக்கு. மறக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் தேவசகாயம் எடுத்துக் கொடுத்துவிடுவார். கொடுத்தால் மாட்டிவிடுவார். மாட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கக் கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் கறுப்பும் சாம்பலுமாக ரப்பர் உறைகள், சந்தையில் முருங்கைக்காயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. கோல்ஃப் மட்டையின் இரும்புத் தண்டில், கையால் பிடிக்கிற மேல்முனைக்கு மாட்டுகிற உறைக்குத்தான் கிரிப் என்று பேர். அவள் கொண்டுவந்த ஏழாம் நம்பர் மட்டை பழைய துண்டில் சுற்றி மேஜைமேல் கிடந்தது. அதன் சொந்தக்காரர், அவள் புருஷன் ராமபத்ரன், மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி, கோல்ஃப் கிளப்புக்கு இரண்டு தடவை கேப்டனாக இருந்தவர், அதைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. ஸ்ட்ரோக். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்த விழுந்த வலது கைக்குத்தான் இப்போது கிரிப் தேட வந்திருக்கிறாள். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. நல்ல வாசனையாகத்தான் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது.

“மெதுவாப் பாருங்கம்மா, அவசரமில்லீங்க” என்று தேவசகாயம் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வலது கையின் இரண்டு விரலும் விண்விண் என்று தெறித்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். காலையில் பிடித்தது இன்னும் போகவில்லை. தினமும் காலையில் அவளுடைய இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஷர்மிளா பக்கத்தில் நின்று, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில், “பிடிங்க அங்கிள், பிடிங்க, இன்னும், இன்னும்” என்பாள். மாதக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. விரல் அங்கே கிடக்கும், கை அங்கே கிடக்கும், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது ஒரு சடங்காகிவிட்டது, விளக்கேற்றுகிற மாதிரி. இன்றைக்கு ஷர்மிளா “பிடிங்க” என்றாள், பிடித்தார். சும்மா தொடவில்லை, பிடித்தார். கட்டைவிரல் மேலே வந்து மூடியது. ஷர்மிளா கை தட்டினாள், ஐயோ ஆன்ட்டி என்று கத்தினாள், போனை எடுத்து வீடியோ பிடித்தாள், மெல்போர்னில் இருக்கிற மகள் நித்திலாவுக்கு அங்கேயே அனுப்பினாள். “சூப்பர் அங்கிள். இப்ப விடுங்க.” விடவில்லை. “விடுங்க அங்கிள்.” விரல் வெளுத்துப் போயிற்று. “விடறதுதான் ஆன்ட்டி கஷ்டம். பிடிக்கிறது முதல்ல வரும், விடறது பின்னாலதான் வரும். எல்லாருக்கும் அப்படித்தான்” என்று ஷர்மிளா சிரித்தாள், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டாள். எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் ராமபத்ரன் ஷர்மிளாவைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்க்கவில்லை, சுலோசனாவைத்தான் பார்த்தார். கண்ணில் என்ன இருந்தது? விட முடியவில்லை என்கிற தவிப்பா? இல்லை, விட மனசில்லையா? வாயின் ஒரு பக்கம் மேலே போனது. சிரித்தாரா? ஒரு பக்கம் செத்துப்போன முகத்தில் சிரிப்பையும் அழுகையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவள் இட்லி ஊற்றும்போதும் அதையே நினைத்தாள், காரில் ஏறும்போதும் அதையே நினைத்தாள். விட முடியவில்லையா, விட மனசில்லையா. ஷர்மிளா கிளம்பும்போது தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்: “அங்கிளுக்கு ரொம்பப் பிடிச்ச பொருளைக் கையில குடுத்தா மூளை சீக்கிரம் முழிச்சுக்கும் ஆன்ட்டி. ரொம்ப நீளமும் இல்லாம ரொம்பக் குட்டையும் இல்லாம ஒரு மட்டை எடுங்க. இருக்கற கிரிப் ஒல்லி, விரல் மூடாது. தடிமனா, மெத்துன்னு, வழுக்காத மாதிரி மாத்திக் கொண்டு வந்துடுங்க. ரெண்டே மாசம், பழைய கை திரும்ப வந்துடும்.” பழைய கை. மிட்டாய் தருகிறேன் என்கிற மாதிரி அதைச் சொன்னாள் அந்தப் பெண்.

“சாரு கோயமுத்தூருக்கே ஒரு கம்பீரமுங்கம்மா” என்று தேவசகாயம் துண்டைப் பிரித்து மட்டையை வெளியே எடுத்தார். “நான் அவருகூட எத்தனை வருஷம் பை தூக்கியிருக்கேன். அந்த அடி விழற சத்தத்தை வச்சே சொல்லிடலாம், இது கேப்டன் சார் அடின்னு. கொஞ்சம் கோவக்காரருதான், ஆனா மனசு தங்கமுங்க.” சுலோசனா ஆமாம் என்றாள். இதுமாதிரி இடத்தில் ஆமாம் என்று சொல்லி அவளுக்கு நல்ல பழக்கம். கிளப்பின் ஆண்டு விழா மேடையில் ஒவ்வொரு வருஷமும் கோப்பைகளை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தானே. முழங்கைவரை வரும் ரவிக்கை, பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. மைக்கைப் பிடித்து அவர் சொல்வார்: “என்னோட எல்லா வெற்றிக்கும் பின்னால இருக்கறது என் மனைவி.” கைதட்டல் பறக்கும். மற்ற மெம்பர் வீட்டம்மாக்கள் கேலி பண்ணுவார்கள், ஏன் சுலோ, இன்னும் பாட்டி காலத்து ரவிக்கையே போட்டுட்டு இருக்கே, கொஞ்சம் கையைக் குறைச்சுத் தைச்சாத்தான் என்ன? இன்னொன்றும் சொல்வார்கள், இத்தனை வருஷமா கேப்டன் பொண்டாட்டி, கோல்ஃப் ஒரு அட்சரம் தெரியாது இவளுக்கு. அட்சரம் தெரியாதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் எப்படி ஆடினார் என்று ஊருக்கு முந்தி அவளுக்குத் தெரியும். கார் கேட்டுக்குள் திரும்புகிற வேகத்தில் பாதி தெரியும். சாவியை மேஜையில் வைக்கிறாரா, போடுகிறாரா என்பதில் மீதி தெரியும். கடைசிக் குழியில் பந்து விளிம்பில் நின்றுவிட்ட அன்றைக்குச் சாவி வாசலிலேயே விழும். அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். பால் பொங்கி வழிந்தால் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். கிளப்பில் ஸ்கோர் எழுதுகிற ஆளே அவ்வளவு கணக்காக எழுதியிருக்க மாட்டார்.

தேவசகாயம் கொக்கிகளிலிருந்து ஐந்தாறு கிரிப்களை உருவி மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் தண்டு செருகியிருந்தது, பிடித்துப் பார்ப்பதற்கு. “இது நூல் கலந்ததுங்க, வேர்த்தாலும் நழுவாது. இது குறுக்குக் கோடு போட்டது. இது சின்னச் சின்ன மேடா இருக்கறது. இது புதுசா வந்தது, ஸ்பாஞ்சு மாதிரி.” அவர் சொல்லிக்கொண்டே போனார், அவளுக்குக் காது அடைத்தது. குறுக்குக் கோடு போட்டதை அவளுக்குத் தெரியும். சின்னச் சின்ன மேடு, பாகற்காய்த் தோல் மாதிரி, அதுவும் தெரியும். நித்திலா பன்னிரண்டாவது படித்த வருஷம் அது. மேல்கையில் புள்ளி புள்ளியாக ஊதா நிறத்தில் நின்றது, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக எரியும். நூல் கலந்தது வேறு மாதிரி. அது தோலைச் சிராய்க்கும், மணல் தாளால் தேய்த்த மாதிரி, அதன்மேல் சேலை படக்கூடாது. அவர் ஒருநாளும் இரும்புப் பக்கத்தால் அடித்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், அவளே தனக்குள் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ பெரிய சலுகை கிடைத்த மாதிரி. மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, இரும்புத் தலையைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, ரப்பர் முனையால்தான் அடிப்பார். எலும்பு உடையாது. ரத்தம் வராது. முகத்தில் படாது, முழங்கைக்குக் கீழே படாது. பந்தை எங்கே வைக்க நினைத்தாரோ அங்கேயே வைக்கிறவர் என்று பேர் வாங்கினவர் அல்லவா. முடிந்ததும் மட்டையைத் துண்டால் துடைத்துப் பையில் வைப்பார், கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாடு ஆயிடுச்சா என்பார். அவரும் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை கிரிப் மாற்றுவார், இதே தேவசகாயம்தான் மாற்றிக் கொடுத்திருப்பார், என்ன போட்டார் என்று அவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. சுலோசனாவின் முதுகுக்குத் தெரியும். உலகத்தில் எத்தனையோ பேர் கிரிப்பை உள்ளங்கையால் அறிந்தவர்கள். அவள் அறிந்தது மறுபக்கம்.

அப்படியானால் ஏன் அன்றைக்கு அவ்வளவு வேகமாக ஓடினாள்? இதுதான் ஏழு மாதமாக அவளைத் தின்கிற கேள்வி. அவர் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார், கை நடுவில் நின்றது, சட்னி வேட்டியில் வழிந்தது, வாய் கோணியது. அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டாள், சமையல்காரியும் அவளுமாகத் தூக்கினார்கள், சிக்னலில் கண்ணாடியை இறக்கி, வழி விடுங்க வழி விடுங்க என்று கத்தினாள், ஒருநாளும் கத்தாதவள். டாக்டர் வெளியே வந்து, “இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா கையை விட்டுப் போயிருப்பாரும்மா, நீங்கதான் காப்பாத்தினீங்க” என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சாவித்திரி என்றார்கள். நான் காப்பாற்றினேனா? யாரை? ஓடினது பிரியமா, பயமா, வெறும் பழக்கமா? அவர் விழுந்தால் தூக்க வேண்டும், அவர் கேட்டால் கொடுக்க வேண்டும், கால் தன்னால் ஓடுகிறது. இதற்கு விடை கிடைக்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வாள்? வீடு அமைதியாகிவிட்டது. சாவி விழுகிற சத்தம் கிடையாது. முதல் தடவையாக அவள் மத்தியானம் தூங்கினாள், வாயைப் பிளந்துகொண்டு. அவருக்குக் கொடுப்பதற்கு முந்தி பசித்தபோது சாப்பிட்டாள். டிவியில் யாரோ எதற்கோ வழுக்கி விழுந்ததைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அந்தக் கை மேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டது. அந்தக் கையை வெந்நீரில் துடைப்பாள், நகம் வெட்டுவாள், பவுடர் போடுவாள். பிழிந்து போட்ட துணி மாதிரி மடியில் கிடக்கும். இவ்வளவு லேசானதா இது என்று இருக்கும். அவர் சில சமயம் அழுவார், அவள் கண்ணைத் துடைத்துவிடுவாள், பாவமாக இருக்கும், உண்மையாகவே பாவமாக இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சந்தோஷமாக இருந்தது இந்த ஏழு மாதம்தான். இன்றைக்குக் காலையில் அது முடிந்தது. கட்டைவிரல் வந்து மூடினதும் முடிந்தது.

போன் கிணுங்கியது. நித்திலா. வீடியோவைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. “அம்மா! அப்பா கையைப் பாத்தியா? எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. நீ எங்க இருக்கே?” “கிரிப் வாங்க வந்திருக்கேன்.” “நல்லதா வாங்கும்மா. காசைப் பாக்காதே. அப்பா மறுபடி எழுந்து நிக்கணும், பழையபடி ஆகணும்.” சுலோசனா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். பழையபடியா? நித்திலாவின் அறை மாடியில், இவர்களுடைய அறைக்கு நேர் மேலே. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தப் பெண் பாட்டைச் சத்தமாக வைப்பாள். எத்தனை தடவை சத்தமாக வைத்தாள். படிப்பு முடிந்ததும் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டாள். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் பேசுகிறாளா? “அம்மா, இருக்கியா?” “இருக்கேன்.” “உன் கை எப்படி இருக்கு?” என்று நித்திலா கேட்டாள். “என் கையா?” “வீடியோல அப்பா ரொம்ப இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.” கேட்டுவிடேன், இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடேன் என்று சுலோசனா காத்திருந்தாள். “சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்” என்று நித்திலா வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் விமானம் ஏறி வர வேண்டியிருக்கும்.

“மகளுங்களா? வெளிநாட்டுல இருந்தாலும் பாசம் பாருங்க” என்றார் தேவசகாயம். “இந்த ஸ்பாஞ்சு மாதிரி இருக்கறதையும் தொட்டுப் பாருங்கம்மா. இருக்கறதுலயே தடிமன் இதுதான். வயசானவங்க, கை வலிக்காரங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க.” எடுத்துக் கொடுத்தார். சுலோசனா அதை வாங்கி, மூக்குக்கு நேராகப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை நீட்டி, முழங்கைக்குச் சற்று மேலே, ரவிக்கை முடிகிற இடத்தில், அதனால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பரவாயில்லை. மெத்தென்றுதான் இருக்கிறது. தடிமன் என்பதால் அடி பரவிவிடுகிறது, ஒரே கோட்டில் இறங்கவில்லை. மறுபடி தட்டினாள், கொஞ்சம் பலமாக. புள்ளி விழாது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பாகற்காய்த் தோலை எடுத்தாள், அதே இடத்தில் தட்டினாள், சுள் என்றது, வேண்டாம் என்று தள்ளி வைத்தாள். நூல் கலந்ததைத் தொடவே இல்லை, அதை ஒரு விரலால் மேஜையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். குறுக்குக் கோட்டை எடுத்துத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் முதுகில் போட்டாள். கண் மூடினபடிதான் இருந்தது. மாம்பழக் கடையில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுக்கிற நிதானத்தோடு அவள் இதைச் செய்தாள், தான் செய்கிறது தனக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தேவசகாயம் தன்னையே பார்ப்பது தெரிந்தது. “ஏனுங்கம்மா” என்று மெதுவாக ஆரம்பித்தார், “கிரிப்பைக் கையில பிடிச்சில்லீங்க பாப்பாங்க?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

இதுவரை இப்படி ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. டாக்டர் கண்டுபிடிக்கவில்லை, தையல்காரி கண்டுபிடிக்கவில்லை, பெற்ற தாய் சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை. நாலு தட்டில் தானே போட்டு உடைத்துவிட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை, பாத்ரூமில் வழுக்கிவிட்டது, அலமாரிக் கதவு இடித்துவிட்டது, எத்தனை சொல்லியிருக்கிறாள், ஒன்று இப்போதும் வாய்க்கு வந்தது. ஆனால் சொல்வதற்குள் இன்னொன்று அவளைப் பிடித்து இழுத்தது. இவ்வளவு நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எதை வைத்து அடித்தால் வலி குறைவு என்று பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நிற்பார், பழைய கை வரும், அடிப்பார் என்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, அதிலே கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன். சொந்தக் காசில். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவியா என்று இருந்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது, அதுவும் அவர் மேலே வரவில்லை, இந்தக் கிரிப்பை அப்படி ஆசையாகத் தட்டிப் பார்த்த தன் கை மேலே வந்தது. தேவசகாயம் கண்ணை விலக்கிக்கொண்டார். மேஜையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொக்கியில் மாட்ட ஆரம்பித்தார், மாட்டினதையே கழற்றி மறுபடி மாட்டினார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மனசு தங்கம் என்று சற்று முன்னே சொன்னவர்.

“தேவசகாயம்” என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இதுல எது நழுவும்?” அவர் திரும்பினார். “நழுவறதுங்களா? நழுவற கிரிப்பை யாரும்மா கேப்பாங்க?” “இருக்கா இல்லையா?” அவர் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டி ஒன்றை இழுத்தார், மேலே தூசி படிந்திருந்தது. “பழைய சரக்குங்க. ஜன்னல் பக்கம் வெயில்ல கிடந்து காஞ்சு போச்சு. ரப்பர் ஒருதரம் இறுகிடுச்சுன்னா கண்ணாடி மாதிரி ஆயிடுமுங்க, எவ்வளவு பிடிச்சாலும் உருவிக்கிட்டுப் போயிடும். இதை நான் யாருக்கும் விக்கறதில்லை, குப்பைல போடணும்னு வச்சிருக்கேன்.” சுலோசனா ஒன்றை எடுத்தாள். இந்தத் தடவை உள்ளங்கையில்தான் வைத்தாள், விரலை மூடினாள். ஒல்லியாக, பளபளவென்று, குளிர்ந்து இருந்தது. இறுக்கினாள். வழுக்கியது. இன்னும் இறுக்கினாள், இன்னும் வழுக்கியது. நல்ல கையே இந்தப் பாடு படுகிறது. நாளைக் காலையில் ஷர்மிளா வருவாள், பிடிங்க அங்கிள் என்பாள், அவர் பிடிப்பார், மட்டை நழுவித் தரையில் விழும். மறுபடி எடுத்துக் கொடுப்பார்கள். மறுபடி விழும். அவருக்கு அழுகை வரும், அவள் துடைத்துவிடுவாள். எத்தனை நாளைக்கு? ஷர்மிளா கெட்டிக்காரி, என்றைக்காவது ஒருநாள் தானே தொட்டுப் பார்ப்பாள். கை வேறு எதையாவது பிடித்துப் பழகிக்கொள்ளும், டம்ளரை, கட்டில் கம்பியை, அவள் மணிக்கட்டை. எல்லாம் தெரிகிறது. இது ஒரு மாதம் தாங்கலாம், மழைக்காலம் முடியும்வரை தாங்கலாம். அதற்குள் மத்தியானத் தூக்கம் எத்தனை கிடைக்கும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. நோயாளியின் கையை முடக்க வந்திருக்கிறாள், தாலி கட்டினவனின் கையை. இதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூடின விரலைத் திறக்கவில்லை.

“இதையே மாட்டுங்க” என்றாள்.

“அம்மா, வேண்டாங்க. என் பேரு கெட்டுப் போயிடுங்க. கேப்டன் சாருக்குத் தெரிஞ்சுதுன்னா என்னைக் கொன்னே போட்டுடுவாரு.” யாரும் சொல்கிற வார்த்தைதான், வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. வந்த பிறகு அவர் அப்படியே நின்றார்.

“உங்களை இல்லீங்க, தேவசகாயம்” என்றாள் சுலோசனா.

தேவசகாயம் ஏழாம் நம்பரை எடுத்து மேஜையோரத்து இடுக்கியில் வைத்து இறுக்கினார். வளைந்த கத்தியைப் பழைய ரப்பருக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். ரப்பர் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது, அதை அவர் குனிந்து எடுக்கவில்லை. தண்டைத் தின்னரால் துடைத்தார். கிரிப்புக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒட்டுகிற டேப்பை எடுத்து முனையைப் பிரித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே கையில் வைத்திருந்தார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: “டேப்பு ஒரே ஒரு சுத்துத்தான் போடறேனுங்கம்மா. ரெண்டு சுத்துனா தடிமனாயிடும், கைக்குச் சிக்கும்.”